தட்டுவது வாங்குபவர் கை

எங்கள் சங்கக் கடையில் அரிசியை அள்ளுவது ஒரு கை. படியின் தலையைத் தட்டிச் சமமாக்குவது இன்னொரு கை. அள்ளுபவர் கடையின் ஆள். தட்டுபவர் வாங்க வந்தவர். யாங்கோனில் வேறெந்தக் கடையிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் விற்பவரே அள்ளி, விற்பவரே தட்டி, பையில் கொட்டிவிடுவார். வாங்குபவர் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. எங்கள் தெருவில் மட்டும், தகரப் படியில் அரிசி கோபுரமாக வந்து அரிசித் தொட்டியின் குறுக்குப் பலகையில் அமர்ந்ததும், வாங்க வந்தவர் தம் உள்ளங்கையை விளிம்பில் வைத்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். கோபுரம் சரிந்து தொட்டிக்குள் விழும். படியில் நின்றது அவருடையது. தொட்டியில் விழுந்தது எல்லாருடையது.

கடை என்று சொன்னாலும் பார்ப்பதற்கு அது கடைபோல் இராது. துறைமுகத் தொழிலாளர்களுக்காக என்றோ கட்டிய வரிசைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திறக்கும். பெயர்ப்பலகை கிடையாது. தெருவின் குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டு, அரிசியும் பருப்பும் எண்ணெயும் மொத்தமாக வாங்கி, வாங்கிய விலைக்கே தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றுகிறவர்கள், மாநகராட்சியில் சாக்கடை பார்க்கிறவர்கள், தையல் ஆலைக்குப் போகும் பெண்கள், கைப்பேசி பழுது பார்க்கும் ஒருவர், தெருமுனையில் மொஹிங்கா என்னும் மீன்சாற்று நூடுல்ஸ் விற்கும் பர்மிய அம்மாள் ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள் உறுப்பினர்கள். பருப்புக்கும் சர்க்கரைக்கும் மின்னணுத் தராசு உண்டு. மின்சாரம் போனாலும் ஓடும்படி பேட்டரி போட்டது. அரிசிக்கு மட்டும் படி, வீட்டுக்கு வாரம் ஒன்று. பர்மியர் பியீ என்று சொல்லும் அளவையைத்தான் நாங்கள் படி என்கிறோம்.

இந்த வழக்கம் துறைமுகத்தில் பிறந்ததன்று. வடக்கே ஷான் மலையில் ஈயமும் வெள்ளியும் தோண்டிய ஒரு சுரங்கத்திலிருந்து வந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன் அங்கே வேலை செய்த ஒருவர், காலில் அடிபட்டு மலையிறங்கி வந்து, இங்கே துறைமுகத்தில் கிழிந்த சாக்குத் தைக்கும் வேலையில் சேர்ந்தார். அவர் இழுத்து நடந்தது வலக்காலையா இடக்காலையா என்பதில் எங்கள் தெருவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. மற்ற விவரங்களில் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். சுரங்கத்தில் தாது நிரப்பிய தள்ளுவண்டியின் தலையைக் கங்காணி ஒரு கோலால் தட்டிப் பார்த்து, குறைவு என்பானாம். மாலையில் அதே கங்காணியின் கடைக்கு அரிசி வாங்கப் போனால், அங்கே படியின் தலையைத் தட்டுவதும் அதே கோல்தானாம். கோல் நடுவில் சற்றுப் புடைத்திருக்கும். தட்டும்போது விளிம்புக்குக் கீழே இருக்கும் அரிசியையும் கொஞ்சம் வாரிக்கொண்டு போகும். உழைப்பைக் கொடுக்கும்போதும் உணவை வாங்கும்போதும் தட்டியது அடுத்தவன் கை.

ஒரு நாள் சுரங்கத்து ஆட்கள் கங்காணியின் கடையை விட்டு விலகினார்கள். ரயிலடியிலிருந்து தாங்களே மூட்டைகளை இறக்கித் தங்களுக்குள் அளந்துகொள்ளத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த முதல் விதி இது: கோல் கூடாது, தட்டுவது வாங்குபவர் கை. இங்கே துறைமுகத்தில் கங்காணிக்கு மேஸ்திரி என்று பெயர். கடையும் கோலும் அதே வகைதான். காலை இழுத்து நடந்தவர் அந்த விதியையும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

பல்கலைக்கழகத்தில் நான் இலக்கியம் படிக்கிறேன். வகுப்பில் நான் பேசுவது அரிது. சென்ற ஆண்டு கடல்கடந்த நாடொன்றின் நிலக்கரிச் சுரங்க ஊரைப் பற்றிய ஒரு கதையைப் படித்துக்கொண்டிருந்தோம். அந்த ஊர்த் தொழிலாளர்கள் தாங்களே நடத்திய கடையைப் பற்றி எங்கள் விரிவுரையாளர், நாங்கள் சயாமா என்று அழைக்கும் ஆசிரியை, விளக்கினார். இப்படிப்பட்ட கடைகள் இனிப் புத்தகத்தில்தான் இருக்கும் என்றார். நான் எழுந்து, எங்கள் தெருவில் ஒன்று இருக்கிறது என்றேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நடத்துவது யார் என்று சயாமா கேட்டார்.

அம்மா என்றேன். அந்த ஒரு சொல்லை அவ்வளவு நிமிர்ந்து நான் அதற்குமுன் சொன்னதில்லை.

அம்மா அப்போதுதான் படிக்காரராகியிருந்தார். படியைப் பிடித்து அள்ளுபவருக்கு எங்கள் தெருவில் அதுதான் பெயர். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். அதுவரை அந்தப் பெயர் ஒரு பெண்ணுக்குப் போனதில்லை. அம்மா தையல் ஆலையில் ஒரு வரிசைக்கே பொறுப்பாளராக இருந்தவர். ஆலை மூடப்பட்டபின் வீட்டிலிருந்தே தைத்துக்கொண்டிருந்தார். படிக்காரருக்குச் சம்பளம் இல்லை. ஆனாலும் அம்மாவுக்கு அந்தப் படி வேண்டியிருந்தது. தனக்காக எதையும் கேட்டுப் பழகாத அவர் அந்த ஒன்றை வாய்விட்டுக் கேட்டார்.

எதிர்வீட்டு மாமா அதற்கு உடன்படவில்லை. அவர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கூட்டத்தில் எழுந்து நின்று, பகையாக இல்லாமல் அக்கறையாகவே சொன்னார்.

"மூட்டை தூக்கணும், மில்லுக்காரன்கிட்ட மல்லுக்கட்டணும். தங்கச்சிக்கு எதுக்கு இந்த வம்பு?"

"மூட்டைய நீங்க தூக்குங்கண்ணே. மல்லுக்கட்டுறத நான் பாத்துக்கிறேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. மாமாவின் மனைவியான அத்தையின் கையும் உயர்ந்தது. மாமா அதைக் கவனிக்காததுபோல் வெற்றிலையை மடித்தார்.

அம்மா முதலில் செய்தது, அரிசி வாங்கும் இடத்தை மாற்றியது. அதுவரை நகரத்து மொத்த வியாபாரி ஒருவரிடம் வாங்கினோம். மேல்மூட்டை நன்றாக இருக்கும். அடிமூட்டையில் நொய் மிகுந்திருக்கும். அம்மா பேருந்து ஏறி நகருக்கு வெளியே மாவ்பிக்குப் போய், ஓர் அரிசி ஆலைக்காரரிடம் நேராகப் பேசிவிட்டு வந்தார். புழுங்கல் அரிசி, ஒரே தரம், அவருடைய லாரியிலேயே வந்து இறங்கும். அரிசி நன்றாகவே இருந்தது. மாமாகூடச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார் என்று அத்தை வந்து சொன்னார். அவர் பேசாமலிருப்பது பாராட்டு.

இனிச் சொல்லப்போவது விளங்க, கடையின் இன்னும் இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும். படிக்காரர் வீடு எப்போதும் வரிசையில் கடைசி. அந்தக் கடைசி ஆளுக்குப் படி போய்ச் சேராமல் ஒரு ஞாயிறு முடிந்தால், படிக்காரர் படியைக் கீழே வைத்துவிட வேண்டும். மறுவாரம் வேறொருவர் எடுப்பார். மற்றொன்று இதைவிடக் கடினமானது. படிக்காரர் யாருக்கும் குறைத்து அளக்கக் கூடாது. குறைத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் கூடாது. அந்தக் காலத்தில் 'இன்றைக்கு அரிசி குறைவு' என்பதுதான் கங்காணியின் எல்லாக் களவுக்கும் முதல் சொல்லாக இருந்ததாம். அதனால் அந்தச் சொல்லே எங்கள் கடையில் விலக்கப்பட்டது.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், மாவ்பியிலிருந்து தொலைபேசி வந்தது. டீசல் கிடைக்கவில்லை, லாரி எரிபொருள் வரிசையில் நிற்கிறது, ஞாயிறு காலைக்குள் வருவதற்கு வழியில்லை. ஆலைக்காரர் மிகவும் வருந்தினார் என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டுக் கடையறைக்குப் போய் மரத்தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். முந்தைய வாரங்களில் மீந்தது இருந்தது. ஆனால் எல்லாரும் வழக்கம்போல் வாங்கினால், வரிசையின் பின்பகுதி வெறும் பையோடு திரும்ப வேண்டிவரும் என்பது பார்த்த உடனே தெரிந்தது.

தெருவில் ஒரு செய்தி பரவ மாடிக் கயிறுகளே போதும். மேலிருந்து பை இறக்கவும் பால் ஏற்றவும் ஒவ்வொரு பலகணியிலும் ஒரு கயிறு தொங்கும்; இழுப்பவரும் கட்டுபவரும் இரண்டு சொல் பேசாமல் இருக்க மாட்டார்கள். மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பழைய மொத்த வியாபாரிக்கும் தெரிந்திருந்தது. அவர் மாமாவின் மூலம் சொல்லியனுப்பினார்: அன்றைக்கே மூட்டைகளை இறக்கத் தயார், ஆனால் இனித் தெரு தன்னிடம்தான் வாங்க வேண்டும்.

மாமா வாசலில் நின்றபடியே அதைச் சொன்னார். அவர் முகத்தில் வெற்றியின் சாயல் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"நல்லாத்தான சொல்றான். நாளைக்கி வரிசை முடியலைன்னா படிய வச்சிரணும் தங்கச்சி. உனக்கு அது தேவையா?"

அம்மா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் நூலை வெட்டிவிட்டுத்தான் பேசினார்.

"அவர் குடுக்கிற அரிசிக்குத் தட்டுற கையும் அவரோடதுதாண்ணே. அது வேணாம். நாளைக்கி எப்பவும்போலத் தொறக்கிறேன்."

எப்போதும்போல என்றால் எப்படி என்று அப்பா பிறகு கேட்டார். எப்போதும்போலத்தான் என்றார் அம்மா. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியவருக்குத் தொடர்ந்து கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. அன்று மட்டும் அம்மாவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு விடிந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. மாடிப்படிகளில் பைகள் ஏற்கெனவே வரிசையாகக் கிடந்தன. முதலில் வருபவர் தம் பையை மாடிப்படியில் வைத்து ஒரு கல்லை ஏற்றிவிட்டுப் போய்விடலாம். பை நின்றால் ஆள் நின்றதற்குச் சமம். கடைசிப் பைக்குப் பின்னால் எங்கள் பையை நான் வைத்தேன். அம்மா கன்னத்தில் தனாகா மரப்பட்டைக் குழம்பு பூசி, தலைமுடியை இறுகக் கட்டி, முந்தைய எல்லா ஞாயிறுகளிலும் நின்ற அதே இடத்தில் நின்றார். வந்தவர்களுக்குப் பையின் வாயை விரித்துப் பிடிப்பது என் வேலை.

முதலில் வந்தவர் கைப்பேசி பழுது பார்ப்பவர். அம்மா அள்ளினார். கோபுரம் வழக்கமான உயரத்தில் நின்றது. ஒரு மணி குறையவில்லை. அவர் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து இழுத்தார். அடுத்தவரும் அப்படியே செய்தார். அதற்கடுத்தவரும் அப்படியே செய்தார். தொட்டியின் உட்சுவரில் அரிசி பூசியிருந்த வெண்கோடு இறங்கிக்கொண்டே வந்தது. நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிடுவாரோ என்று அஞ்சினேன். ஒரு சொல் கேட்டிருந்தால் எல்லாரும் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லோடு படியும் அவர் கையைவிட்டுப் போயிருக்கும். அவர் கேட்கவில்லை. அடுத்த கோபுரத்தையும் அதே உயரத்தில் எழுப்பினார்.

பிறகு மொஹிங்கா விற்கும் அம்மாளின் முறை வந்தது. அவருடைய கணவர் துறைமுகத்தில் எங்கள் ஆட்களோடு மூட்டை சுமந்தவர். அந்த வழியில் உறுப்பினரானவர். எங்கள் கடைக்கு வேண்டிய அளவு தமிழ் அவருக்குத் தெரியும். அவர் படியின் விளிம்பில் கையை வைத்தார். ஆனால் உள்ளங்கையால் இழுக்கவில்லை. விரல்களை மடக்கி, கணுக்கள் அரிசிக்குள் அழுந்தும்படி இழுத்தார். கோபுரத்தோடு விளிம்புக்குக் கீழே இருந்த அரிசியும் சேர்ந்து தொட்டியில் விழுந்தது. படியின் நடுவில் சிறு பள்ளம் நின்றது. அம்மாவின் கை அரைநொடி அசையாமல் இருந்தது.

"யாபாடே, அமா," என்றார் அவர். பரவாயில்லை அக்கா என்பது அதன் பொருள். "பின்னாடி ஆளு நெறய நிக்கிது."

அதன்பின் வந்த ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விதமாக விளிம்புக்குக் கீழே இறங்கியது. சாக்கடைப் பணியாளர் ஒருவர் கட்டைவிரலை மட்டும் உள்ளே விட்டு ஒரு கால்வாய் வெட்டினார். தையல் ஆலைப் பெண் ஒருத்தி, அளவுநாடா பிடிப்பதுபோல் இரண்டு விரல்களை நீட்டிச் சீராக வழித்தாள். எல்லாரும் தரையையோ மழையையோ பார்த்துக்கொண்டு, தற்செயலாக நேர்ந்ததுபோல் இதைச் செய்தார்கள். அந்த வழக்கத்தின் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. தட்டும் உரிமையை வாங்குபவரிடம் கொடுத்தவர்கள், அவர் நிறைய எடுத்துக்கொள்வதற்காக மட்டும் அதைக் கொடுக்கவில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு சின்னம்மா இருக்கிறார். முட்டிவலியால் இறங்குவதில்லை, கயிற்றில்தான் பை வரும். வர முடியாதவருக்காக வரிசையில் அடுத்து நிற்பவர் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று அடுத்து நின்றவள் அந்தத் தையல் ஆலைப் பெண்ணின் தங்கை. தனக்குத் தட்டும்போது ஆழ வழிக்கப் போகிறவள், சின்னம்மாவின் படிக்கு மட்டும் கையை விளிம்பில் பட்டும் படாமலும் கொண்டுபோனாள். மேலே கோபுரத்தில் பாதி நின்றது. அம்மா அதைப் பையில் கொட்டினார். பை மழையில் ஆடியபடி மேலே போயிற்று.

வரிசையின் பின்பகுதியில் மாமா வந்தார். மாமாவின் கை தெருவில் புகழ்பெற்றது. இயந்திரப் பிடியைப் பிடித்துப் பிடித்து வளைந்த கை. படியின்மேல் வைத்தால் குடைபோல் கவியும். அவர் தட்டினால் குடைக்குக் கீழே ஒரு மேடு எப்போதும் தப்பித்துக்கொள்ளும். வேண்டுமென்றே செய்கிறார் என்று ஒரு கட்சி. கையே அப்படித்தான் என்று மறுகட்சி. அன்று எல்லாருடைய கண்ணும் அந்தக் கையின்மேல் இருந்தது. அவர் கையை வைத்தார். குடை விரிந்தது. பக்கத்தில் பை பிடித்து நின்ற அத்தை குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"குடைய மடக்குங்க. மழை வெளியிலதான் பெய்யுது."

படிக்கட்டு முழுவதும் சிரித்தது. அன்று காலை கேட்ட முதல் சிரிப்பு அது. மாமா அத்தையை முறைத்தார். பிறகு கையைத் திருப்பி, புறங்கையால், ஒரு பெரிய கிண்ணம் அரிசி விழும்படி வழித்தார்.

"போதுமா? இல்ல, படியையும் சேத்து உள்ள போட்டுரவா?"

"படி தங்கச்சிகிட்டயே இருக்கட்டும்," என்றார் அத்தை.

ஒருவழியாக எங்கள் பை மட்டும் மிஞ்சியது. வாங்கியவர்கள் போகவில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள்போல் வாசலிலும் படிகளிலும் நின்றார்கள். படிக்காரர் தமக்குத் தாமே அள்ளிக்கொள்ளக் கூடாது. அம்மா படியை என்னிடம் நீட்டிவிட்டு, பலகைக்கு இந்தப் பக்கம், வாங்குபவர் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றார். நான் தொட்டிக்குள் குனிந்தேன். அடிப்பலகை தெரிந்தது. மூலைகளைத் துடைப்பத்தால் கூட்டி, எல்லாவற்றையும் படியில் சேர்த்துப் பலகையின்மேல் வைத்தேன். அரிசி விளிம்பை எட்டவில்லை. ஒரு விரல்கணு அளவு கீழேயே நின்றுவிட்டது.

கடைசி ஆளுக்குப் படி போய்ச் சேர்ந்ததா, இல்லையா? அதைச் சொல்ல வேண்டியவர்கள் அங்கே நின்றவர்கள்தாம். அரைகுறைப் படியைப் படி என்று கொள்வதா என்பதற்கு எந்த முன்னுதாரணமும் யாருக்கும் தெரியவில்லை.

அம்மா உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். படியின் விளிம்பில் வைத்து, எல்லாரையும்போல் ஒரே இழுப்பில் இழுத்தார். கை வெறும் தகரத்தின்மேல் போயிற்று. ஒரு மணியும் விழவில்லை. அந்த வறண்ட உரசல் மட்டும் அறை முழுவதும் கேட்டது. பிறகு பையின் வாயை விரித்து என் பக்கம் நீட்டினார். நான் கொட்டாமல் நின்றேன். கொட்டலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"கொட்டு புள்ள. அதான் தட்டியாச்சுல்ல. தட்டுனா அது படிதான்."

எதிர்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசிக்காரர், அதுதானே என்றார். மொஹிங்கா அம்மாள் பையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அம்மா படியைக் கழுவி, துடைத்து, ஆணியில் கவிழ்த்து மாட்டினார். அது வழக்கமாகத் தொங்கும் அதே ஆணி. மாட்டியபிறகும் அதன்மேலிருந்து கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

அந்த வாரம் எங்கள் வீட்டில் கஞ்சி. அப்பா ஒவ்வொரு வேளையும் அம்மாவிடம் கிண்ணத்தை நீட்டும்போது விளிம்பின்மேல் உள்ளங்கையால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கொடுத்தார். அம்மா முதலில் சிரித்தார், பிறகு போதும் என்றார், அப்பா நிறுத்தவில்லை.

வார நடுவில் லாரி வந்தது. நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமா வேலைக்குப் போகும் உடையிலேயே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார். மூட்டைய நீங்க தூக்குங்கண்ணே என்று பொங்கல் கூட்டத்தில் அம்மா சொன்னது சொன்னதுதானாம். இரண்டாவது மூட்டைக்குத் திரும்பியபோது முனகினார். அம்மா லாரிக்காரரிடம் மூட்டை ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு ஞாயிறு தொட்டி நிறைந்திருந்தது. உள்ளங்கைகள் மீண்டும் தட்டையாக, விளிம்போடு விளிம்பாக இழுத்தன. மாமாவின் முறை வந்தபோது அம்மா ஒரு கோபுரத்தை எழுப்பி அவர்முன் வைத்தார். மாமா கையை வைத்தார். குடை பழையபடி அழகாகக் கவிந்தது. அதன்கீழ் ஒரு மேடு தப்பித்துக்கொண்டது. அம்மா அதை அப்படியே அவர் பையில் கொட்டினார்.